வீட்டுக் கோப்பு சர்வருக்கு எஸ்எம்பிஎஸ் வாங்குவது எப்படி? சென்னையில் இருப்போருக்கு ஒரு வழிகாட்டி

குடும்பப் புகைப்படங்கள், வீட்டுப் பத்திர நகல்கள், அப்பாவின் ஓய்வூதியக் காகிதங்கள், பிள்ளைகளின் பாடங்கள் ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் வைப்பதற்காக ஒரு சிறிய சர்வரை வீட்டிலேயே அமைத்தேன். எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்று இரண்டு வாரம் விசாரித்த நான், எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த மின்னழுத்தமாக மாற்றித் தரும் பெட்டி) பற்றி எதுவும் விசாரிக்காமல், கேபினெட்டோடு வந்ததையே பொருத்திவிட்டேன். அடுத்த ஏழு மாதம் பட்ட பாட்டை மற்றவர்கள் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தினமும் காலையில் எங்கள் அடுக்ககத்தின் சம்ப் மோட்டாரைப் போடும்போது கூடத்து விளக்கு ஒரு கணம் மங்கும். அதே கணத்தில் அலமாரிக்குள் இருக்கும் சர்வரிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். மின்சாரம் போய்விட்டது என்று ஹார்ட் டிஸ்க் எண்ணிக்கொண்டு, தன் தலையை அவசரமாக ஒதுக்கி வைக்கும் சத்தம் அது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு டிஸ்க் காணாமல் போய், சர்வரை அணைத்துப் போட்டால் மறுபடியும் தென்படும். முதலில் டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினேன். பிறகு, நல்ல நிலையில் இருந்த டிஸ்கையே பழுதென்று முடிவு செய்து, ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய டிஸ்க் வாங்கினேன். அதுவும் காணாமல் போகத் தொடங்கிய பிறகுதான், இரண்டு டிஸ்குக்கும் பொதுவாக இருக்கும் பொருள் எது என்று யோசித்தேன்.

கோப்புகளை ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்குகளில் சேர்த்து வைக்கும் மிரர் போட்டிருக்கிறோம், ரெய்டு போட்டிருக்கிறோம், ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று இருக்கிறது என்று நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கை, டிஸ்குகள் தனித்தனியே பழுதாகும் என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. சர்வருக்குள் எல்லா டிஸ்கையும் ஒரே நேரத்தில் கெடுக்கக்கூடிய பொருள்களில் முக்கியமானது எஸ்எம்பிஎஸ். ஆகவே அதை வாட் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காமல், டிஸ்குகளை மனத்தில் வைத்து வாங்க வேண்டும்.

1. வாங்குவதற்கு முன் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள்

சர்வரின் கேபினெட்டை வெறுங்கையால் தொடும்போது மெல்லிய குறுகுறுப்பு தெரிகிறதா? டெஸ்டரை வைத்தால் லேசாக எரிகிறதா? அப்படியானால் அந்தப் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை, அல்லது எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். எஸ்எம்பிஎஸ்-இன் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் உண்டு. அவை ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாவிட்டால், பெட்டியின் மேல் உள்வரும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்கு மிதந்துகொண்டிருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எஸ்எம்பிஎஸ் ஆனாலும் இது நடக்கும். அதைப் பழுதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதில் பயனில்லை.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய அதே அளவும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்றாவது அளவு 38 வோல்ட் காட்டியது. வந்திருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், “எர்த் ஒயரை ஸ்விட்ச் போர்டுக்குள்ளேயே வெட்டி மடிச்சு விட்டிருக்காங்க சார்” என்று கழற்றிக் காட்டினார். வீடு கட்டியபோதே செய்த வேலை அது. சரிசெய்ய அறுநூறு ரூபாய் ஆனது. இந்த முயற்சியில் நான் செய்த செலவுகளிலேயே இதுதான் மிகப் பயனுள்ளது. மல்டிமீட்டரைப் பிடித்துப் பழக்கமில்லாதவர்கள் இந்த அளவுகளைத் தாங்களே எடுக்க முயல வேண்டாம்.

மும்முனை இணைப்புள்ள அடுக்ககங்களில் இன்னும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பொதுவான நியூட்ரல் கம்பி தளர்ந்துபோனால் சில வீடுகளில் விளக்குகள் மங்கும், சில வீடுகளில் கண்கூசும்படி எரியும். அந்தப் பிரகாசமான வீடுகளுக்கு 230-க்குப் பதில் 300 வோல்ட்டுக்கு மேலும் போய்க்கொண்டிருக்கலாம். இதைத் தாங்கும் எஸ்எம்பிஎஸ்-ஐ நம்மால் வாங்க முடியாது. விளக்குகள் இப்படி ஏறி இறங்குவதைக் கண்டால் உடனே மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987-இல் புகார் பதிவு செய்யுங்கள்.

2. எத்தனை வாட் என்பதைக் காகிதத்தில் எழுதிக் கணக்கிடுங்கள்

கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி “எத்தனை வாட் சார்?” என்பதுதான். பதில் இல்லாமல் போனால் 650 அல்லது 750 வாட்டை எடுத்து வைப்பார். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கோப்பு சர்வருக்கு அது தேவையில்லை.

கணக்கில் பெரும்பாலானோர் தவறவிடுவது, டிஸ்க் சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளைத்தான். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஐந்து முதல் எட்டு வாட் வரைதான் எடுக்கும். ஆனால் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் பாதையில் மட்டும் ஏறக்குறைய 2 ஆம்பியர், அதாவது 24 வாட் இழுக்கும். நான்கு டிஸ்குகள் ஒன்றாகத் தொடங்கினால் 8 ஆம்பியர். மின்தடைக்குப் பிறகு சர்வர் தானே எழும் நேரத்தில் எல்லா டிஸ்கும் ஒரே மூச்சில் சுழலத் தொடங்குவதால், பலவீனமான எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் தடுமாறுகிறது.

என் சர்வரின் கணக்கு இது. நான்கு டிஸ்குகள் தொடங்கும்போது 100 வாட், பிராசஸர் முழு வேகத்தில் 90 வாட், மதர்போர்டு, நினைவகம், விசிறிகள், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து 40 வாட். ஆகக் கூடுதலாக 230 வாட். இதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்குக்கு மேல் போக வேண்டியதில்லை. 450 வாட் தாராளம். ஆறு டிஸ்க் வரை விரிவாக்கும் எண்ணம் இருந்தாலும் 550 போதும். இரண்டே டிஸ்க், குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு பிராசஸர் என்றால், 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் ஆயத்த நாஸ் பெட்டியே (டிஸ்கை மாட்டினால் கோப்பு சர்வராக ஓடும் சிறு பெட்டி) இன்னும் சிக்கனம். அவர்கள் மூன்றாவது, நான்காவது படிகளைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போய்விடலாம்.

பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். கோப்பு சர்வர் நாளின் பெரும்பகுதி சும்மா இருக்கிறது. என்னுடையது அப்போது 45 வாட்தான் எடுக்கிறது. 750 வாட் எஸ்எம்பிஎஸ்-க்கு அது ஆறு சதவீதச் சுமை. அவ்வளவு குறைந்த சுமையில் பல எஸ்எம்பிஎஸ்-களின் திறன் சரிந்துவிடும். 45 வாட் வேலைக்கு ஒன்று 60 வாட் இழுக்கிறது, மற்றொன்று 53 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7 வாட்தானே என்றாலும், இரவு பகலாக ஓடும் சர்வரில் மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கெடுப்புக்குள் அது 10 யூனிட் ஆகிறது. முதல் 100 யூனிட் இலவசம் என்ற எல்லைக்குள்ளோ, அடுத்த கட்டணப் படியின் விளிம்பிலோ நிற்கும் வீடுகளுக்கு இது கணக்கில் எடுக்க வேண்டிய தொகை.

3. லேபிளைப் படியுங்கள், பெட்டியின் அட்டையை நம்ப வேண்டாம்

அட்டைப் பெட்டியில் 450 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதில் பொருளில்லை. எஸ்எம்பிஎஸ்-இன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் படிக்க வேண்டும். கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்; தயங்காமல் காட்டும் கடையிலேயே வாங்குங்கள்.

முதலில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். எனக்குக் கேபினெட்டோடு வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்-இன் லேபிளில் 16 ஆம்பியர் என்று இருந்தது; 12 பெருக்கல் 16, வெறும் 192 வாட். பிராசஸரும் டிஸ்க் மோட்டார்களும் வாழ்வது இந்த 12 வோல்ட் பாதையில்தான். ஒழுங்கான 450 வாட் எஸ்எம்பிஎஸ்-இல் அந்த இடத்தில் 36 அல்லது 37 ஆம்பியர் இருக்கும். பெருக்கினால் 432 அல்லது 444 வரும். இந்த ஒரு பெருக்கலை மட்டும் கடையிலேயே செய்துபார்த்தால், மோசமான எஸ்எம்பிஎஸ்-களில் பெரும்பாலானவற்றை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

அடுத்து உள்ளீட்டு வரிசை. 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருப்பது நல்லது. லோ வோல்டேஜ் அடிக்கடி வரும் பகுதிகளில் அது கைகொடுக்கும். பின்புறத்தில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் அது பழைய வடிவமைப்பு. அதை வாங்க வேண்டாம். தவறிப்போய் அந்த ஸ்விட்ச் 115-இல் இருக்கும்போது நம் ஊர் மின்சாரத்தில் செருகினால், உடனே வெடித்துப் புகைந்துவிடும்.

மூன்றாவது, எந்த வெப்பநிலையில் அந்த வாட் அளவு உறுதியளிக்கப்பட்டிருக்கிறது என்பது. இது லேபிளில் இல்லாவிட்டாலும் நிறுவனத்தின் விவரத்தாளில் இருக்கும். கத்திரி வெயிலில் வெளியே 40 பாகையைத் தொடும் ஊரில், மூடிய அலமாரிக்குள் சர்வரை வைத்திருப்பவர்கள் 40 பாகைக்கு உறுதியளிக்கப்பட்டதைவிட 50 பாகைக்கு உறுதியளிக்கப்பட்டதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதோடு சேர்த்து, உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் 85 பாகைத் தரமா, 105 பாகைத் தரமா என்றும் பாருங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், பத்துப் பாகை வெப்பம் குறையும்போது ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. 105 பாகைத் தரத்தைக் கேட்டு வாங்குவதன் பயன் சென்னையில் இரண்டு கோடையிலேயே தெரிந்துவிடும்.

‘80 பிளஸ்’ முத்திரையைப் பற்றி ஒரு தெளிவு தேவை. பிரான்ஸ் (வெண்கலம்), கோல்டு என்ற அந்தப் படிகள் அளப்பது திறனை மட்டும்தான்; உழைப்பையோ பாதுகாப்பையோ அல்ல. சோதனையும் 23 பாகை வெப்பத்தில், 20, 50, 100 சதவீதச் சுமைகளில் நடக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கான படிகளில் டைட்டானியத்துக்கு மட்டுமே 10 சதவீதச் சுமையிலும் அளவு உண்டு. நம் சர்வர் பெரும்பாலும் நிற்பது அந்தப் பத்து சதவீதத்தில்தான். ஆனாலும் கோல்டு வாங்குவதை நான் பரிந்துரைக்கிறேன். குறைவாக வீணாகும் மின்சாரம் குறைவான வெப்பம் என்பதோடு, அந்த விலையில் வருபவற்றில் உள் பாகங்களும் பொதுவாக மேலானவையாக இருக்கின்றன.

பாதுகாப்பு வசதிகளில் மிகை மின்னழுத்தம், குறை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், மிகைச் சுமை, குறுக்குச் சுற்று, மிகை வெப்பம் ஆகிய ஆறும் விவரத்தாளில் இருக்க வேண்டும். மலிவானவற்றில் விட்டுப்போவது பெரும்பாலும் மிகை வெப்பப் பாதுகாப்பு. நம் ஊருக்கு அதுதான் முக்கியம். கடைசியாக, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணைத் தேடுங்கள். ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கங்கள் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைக் கொடுத்தால் எந்த நிறுவனத்துக்குப் பதிவானது என்று உடனே காட்டும். லேபிளில் ஒரு பெயரும் செயலியில் தொடர்பே இல்லாத வேறொரு பெயரும் வந்தால் அந்த எஸ்எம்பிஎஸ் வேண்டாம்.

4. கேபிள்களில் கவனம்

டிஸ்குகளை இழப்பவர்களில் பலர் எஸ்எம்பிஎஸ்-ஆல் இழப்பதில்லை, கேபிளால் இழக்கிறார்கள். ஆகவே இந்தப் படியை இரண்டு முறை படிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ்-களில் கேபிளைக் கழற்றி மாட்டலாம். டிஸ்க் பக்கம் இருக்கும் முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் இருக்கும் முனைக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனம் 5 வோல்ட் வைக்கும் துளையில் இன்னொரு நிறுவனம் 12 வோல்ட் வைத்திருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு வரிசைகளுக்குள்ளேயேகூட இது மாறலாம். பிளாஸ்டிக் வடிவம் பொருந்திவிடுவதால் கேபிள் சரியாகப் போய் உட்காரும். ஸ்விட்சைப் போட்ட நொடியில் அதில் மாட்டியிருக்கும் எல்லா டிஸ்கும் ஒன்றாகப் போகும். எனவே புதிய எஸ்எம்பிஎஸ் வாங்கும் நாளில் பழைய கேபிள்கள் அத்தனையையும் கழற்றிப் பழைய எஸ்எம்பிஎஸ்-ஓடு சேர்த்துக் கட்டி வைத்துவிடுங்கள். “கேபிள்தானே, உள்ளே ஏற்கெனவே இழுத்துக் கட்டியிருக்கிறது, அப்படியே இருக்கட்டும்” என்ற எண்ணத்துக்கு இடம் கொடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது கண்ணி, பழைய நான்கு முள் இணைப்பிலிருந்து சாட்டா இணைப்பாக மாற்றும் சிறு கேபிள்கள். ரிச்சி தெரு நடைபாதையில் ஐம்பது ரூபாய்க்கே கிடைக்கும். இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒயர்களை உள்ளே வைத்துப் பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்தவை ஒரு வகை. இவற்றில் ஒயர்கள் நெருக்கமாக நகர்ந்துபோய், நாளடைவில் உள்ளுக்குள்ளேயே குறுக்குச் சுற்றாகி உருகித் தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு. மற்ற வகையில், பின்பக்க மூடியைத் திறந்தால் ஒவ்வொரு ஒயரும் தனித்தனி உலோகப் பல்லில் அழுத்தி வைக்கப்பட்டிருப்பது தெரியும். வேறு வழியே இல்லாவிட்டால் இரண்டாம் வகையை மட்டும் வாங்குங்கள். எஸ்எம்பிஎஸ்-இலேயே போதிய சாட்டா முனைகள் இருப்பதைப் பார்த்து வாங்குவதுதான் முறை. நான்கு டிஸ்க் என்றால் குறைந்தது ஆறு முனைகள், இரண்டு தனிக் கேபிள்களில் பிரிந்து வர வேண்டும். சாட்டா மின்முனையின் ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் மூன்று முள்கள், முள்ளுக்கு 1.5 ஆம்பியர் என்று மொத்தம் 4.5 ஆம்பியர்தான் அனுமதி. சுழலத் தொடங்கும்போது டிஸ்குக்கு 2 ஆம்பியர் என்பதை மறவாமல் பார்த்தால், ஒரு முனையிலிருந்து பிரித்து மூன்று நான்கு டிஸ்குகளுக்குக் கொடுப்பது ஏன் கூடாது என்பது விளங்கும்.

வெளிப்புற டிஸ்க் பெட்டியைப் பிரித்து உள்ளிருக்கும் டிஸ்கை எடுத்துப் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. அத்தகைய டிஸ்க் சில நேரம் புதிய எஸ்எம்பிஎஸ்-இல் உயிர்பெறாது. அது பழுதல்ல. சாட்டா மின்முனையின் மூன்றாவது முள்ளில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்திருக்கும்படி அந்த டிஸ்குகள் செய்யப்பட்டிருக்கின்றன. கடையில் திருப்பிக் கொடுப்பதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

5. யூபிஎஸ்-க்கும் எஸ்எம்பிஎஸ்-க்கும் பொருத்தம் பாருங்கள்

கரண்ட் போனதும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லிநொடிகள் ஆகும். அந்த இடைவெளியை எஸ்எம்பிஎஸ் தன் கெபாசிட்டரில் தேக்கி வைத்திருக்கும் மின்சாரத்தால் கடக்க வேண்டும். வீட்டு உபயோக யூபிஎஸ்-கள் பொதுவாகப் பத்து மில்லிநொடிக்குள் மாறும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழுச் சுமையிலும் 16 அல்லது 17 மில்லிநொடி தாங்கும். என் பழைய எஸ்எம்பிஎஸ் தாங்கவில்லை. யூபிஎஸ் இருந்தும் சர்வர் அணைந்தது. குறை யூபிஎஸ்-இல் இருக்கிறதென்று எண்ணி அதன் பேட்டரியை மாற்றியது இன்னொரு வீண்செலவு.

வீட்டு இன்வெர்ட்டரில் சர்வரை ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் ‘யூபிஎஸ்’ என்றும் ‘நார்மல்’ அல்லது ‘எக்கோ’ என்றும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது யூபிஎஸ் பக்கம் இருக்க வேண்டும். மற்றொன்றில் மாறும் நேரம் மின்விசிறிக்குப் போதுமே தவிர சர்வருக்குப் போதாது. மேலும் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். திறன் காரணியைத் தானே திருத்திக்கொள்ளும் புதிய எஸ்எம்பிஎஸ்-களில் சில, ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் உறுமும். சில அணைந்தே போகும்.

யூபிஎஸ் அளவில் குழம்ப வேண்டாம். 600 விஏ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான். சும்மா இருக்கும் சர்வருக்கு அது போதும். எனக்குப் புதிய பேட்டரியில் ஏறத்தாழ அரை மணி நேரம் நின்றது. ஆனால் யூஎஸ்பி வழியாகச் சர்வரோடு பேசக்கூடிய யூபிஎஸ்-ஐயே வாங்குங்கள். பேட்டரி தீரும் முன் சர்வர் தானே முறையாக அணைந்துகொள்ள அது வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்புத் தடை காலை முதல் பிற்பகல் வரை நீள்வதால், எந்தச் சிறு யூபிஎஸ்-ஆலும் அதைக் கடக்க முடியாது.

6. எங்கே, எப்போது, எவ்வளவு

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் அதன் பக்கத்துச் சந்துகளும்தான் இதற்கு இடம். அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்தும் சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்தும் நடந்தே போகலாம். வண்டியில் போய் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால், பெட்டியைப் பிரித்து லேபிளைப் படிக்கும்வரை பொறுமையாகக் காட்டுவார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே வாங்கிப் பொருத்திவிடுவது நல்லது. மின்வெட்டும் மின்னலும் அதிகமாகும் மாதங்களுக்கு முன் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

நான் விசாரித்தபோது, 450 முதல் 550 வாட் வரையிலான பிரான்ஸ் (வெண்கலப் படி) வகை நான்காயிரம் முதல் ஐந்தரை ஆயிரம் ரூபாய் வரையும், கோல்டு வகை ஆறரை முதல் ஒன்பதாயிரம் வரையும் சொன்னார்கள். யூஎஸ்பி உள்ள யூபிஎஸ் நான்காயிரத்தை ஒட்டி இருந்தது. விலை கேட்கும்போதே ஜிஎஸ்டி சேர்த்தா என்று கேளுங்கள். “பில் வேண்டாம்னா ஐந்நூறு குறைச்சுக்கலாம் சார்” என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம். அந்த ஐந்நூறு ரூபாய்க்கு நீங்கள் விற்றுவிடுவது உங்கள் வாரண்டியை.

பழைய எஸ்எம்பிஎஸ்-ஐ மட்டும் எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். அதன் கெபாசிட்டர்கள் எத்தனை கோடையைப் பார்த்தன என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

7. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

பில்லில் நான்கு விஷயங்களைக் கடையை விட்டு இறங்கும் முன் சரிபாருங்கள்: கடையின் ஜிஎஸ்டி எண், எஸ்எம்பிஎஸ்-இன் முழு மாடல் பெயர், அதன் சீரியல் எண், தேதி. தமிழ்நாட்டில் பதிவான கடையின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும். சீரியல் எண் பில்லில் ஏறாவிட்டால், பிற்பாடு நீங்கள் கொண்டுபோவது அதே எஸ்எம்பிஎஸ்தான் என்று நிரூபிக்க வழியில்லை. கையாலாவது எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் ஓராண்டில் வெளுத்துவிடும் என்பதால் அன்றே படமெடுத்து வைக்க வேண்டும். அந்தப் படத்தைச் சர்வரில் மட்டும் வைத்தால் தேவைப்படும் நாளில் சர்வர் ஓடாது. கைபேசியிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள்.

வாரண்டி மூன்று ஆண்டா, ஐந்தா, பத்தா என்பதை உற்பத்தியாளரின் தரத்தைச் சொல்லும் நேர்மையான குறியாக நான் கொள்கிறேன். இரவு பகலாக ஓடும் பொருளுக்கு ஐந்துக்குக் குறைவாக ஏற்க வேண்டாம். இந்தியாவுக்குள் அந்த வாரண்டி செல்லுமா, அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வந்த சரக்கா, சென்னையில் சேவை மையம் உண்டா, மாற்றித் தர எத்தனை நாள் ஆகும் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என் பழைய எஸ்எம்பிஎஸ்-க்கு ஓராண்டு வாரண்டி இருந்தும், கேபினெட் பில்லில் எஸ்எம்பிஎஸ்-இன் சீரியல் எண் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி மறுத்துவிட்டார்கள். வாரண்டி எஸ்எம்பிஎஸ்-க்குத்தான், அது கெடுத்த டிஸ்குக்கோ அதில் இருந்த கோப்புகளுக்கோ எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். உரிய ஆவணங்கள் இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்குக் கட்டணம் இல்லை.

8. பொருத்திய முதல் மாதம்

உண்மையான டிஸ்குகளை உடனே மாட்டிவிடாதீர்கள். முதல் நாள், மதர்போர்டோடு ஒரு பழைய டிஸ்கை மட்டும் இணைத்து ஓட்டுங்கள். எஸ்எம்பிஎஸ்-இலிருந்து வரும் காலியான நான்கு முள் முனை ஒன்றில் மல்டிமீட்டரை வைத்து அளந்தால், மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள்ளும் சிவப்பில் 4.75 முதல் 5.25-க்குள்ளும் இருக்க வேண்டும். ஒயர்கள் எல்லாம் கறுப்பாக இருந்தால், கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து முள்ளை அடையாளம் காணுங்கள். அளவு எல்லைக்குள் இருப்பதைவிட, சுமை ஏறும்போது அது எவ்வளவு அசைகிறது என்பதே கவனிக்கத்தக்கது. என் பழையது 12.1-இலிருந்து 11.2-க்கு இறங்கியது, புதியது 12.08-இலிருந்து 12.03-க்கு மேல் இறங்கவில்லை.

இதற்குப் பிறகு பேக்கப் எடுத்துவிட்டு எல்லா டிஸ்கையும் மாட்டுங்கள். ஒவ்வொரு டிஸ்கும் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 12, 192 என்ற இரு வரிசைகளையும் அன்றைய தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். 12 என்பது எத்தனை முறை மின்சாரம் போய் வந்தது, 192 என்பது பெரும்பாலான டிஸ்குகளில் எத்தனை முறை தலை அவசரமாக ஒதுங்கியது என்பதைக் காட்டும். சர்வரை நீங்கள் அணைக்காமலே இவை ஏறினால் டிஸ்குக்கு மின்சாரம் விட்டு விட்டுப் போகிறது என்று அறியலாம். என் டிஸ்குகளில் 192 ஏழு மாதத்தில் இருநூறைத் தாண்டியிருந்தது. முதல் வாரமே பார்க்கத் தெரிந்திருந்தால் ஒன்பதாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும். 199 என்ற வரிசை ஏறினால் அது பெரும்பாலும் சாட்டா தரவுக் கேபிளின் குறை. இதற்காக எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்ற வேண்டாம்.

முதல் மாதத்துக்குள், நீங்கள் வீட்டில் இருக்கும்போது, யூபிஎஸ்-க்குப் போகும் பிளக்கின் ஸ்விட்சை நீங்களே அணைத்துப் பாருங்கள். சர்வர் அசையாமல் நின்று, பேட்டரி தீரும் முன் தானே அணைகிறதா என்பதை உண்மையான மின்தடை வரும்வரை தள்ளிப்போடக் கூடாது.

9. அதன் பிறகு

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சர்வரை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ் விசிறியில் படிந்த தூசியை மென்மையான தூரிகையால் நீக்குங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரம் வசிப்போர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். உப்புக் காற்றில் ஈரத்தோடு படியும் தூசி காய்ந்த தூசியைவிடக் கெடுதலானது. சர்வரின் பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள். யூபிஎஸ் பேட்டரியை இரண்டு அல்லது மூன்று ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும். எஸ்எம்பிஎஸ்-ஐ வாரண்டி முடியும் ஆண்டிலேயே மாற்றிவிடத் திட்டமிடுங்கள். வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டிவைத்தால் மறக்காது.

கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்-ஐ எந்தக் காரணத்துக்காகவும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். அதை வேறொருவர் கணினிக்குக் கொடுக்காமல், அதன் கேபிள்களோடு சேர்த்து மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.